மன்மதன் எரியற ஊர்ல புல்வெளியா?

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டா உங்களுக்கு? இருந்தா விட்டுடுங்க சார். வீண் வயித்தெரிச்சல்! மார்ச் மாசம் வசந்தம் வருமாம். பனி உருகுமாம். குளிர்ல தூங்கிட்டிருந்த புல்லைத் தட்டி எழுப்பணுமாம். நம்ம ஊர்ல மார்ச் மாசம் தட்டி எழுப்ப வேண்டியது மோட்டார் மெக்கானிக்கை!

அதிலும் நான் இருக்கிறது திருவண்ணாமலை. பஞ்சபூதத் தலங்கள்ல நெருப்புக்குன்னு ஒதுக்கின ஊர். இங்கேயும் வசந்தம் உண்டு, இல்லேன்னு சொல்லலை. சித்திரை மாசம் அருணாசலேஸ்வரர் கோயில்ல பத்து நாள் வசந்த உற்சவம் ஜாம்ஜாம்னு நடக்கும். தல விருட்சமான மகிழ மரத்துக்கிட்ட சாமி எழுந்தருளுவார். எல்லாம் முடிஞ்சு கடைசியில என்ன தெரியுமா? மன்மத தகனம்! வசந்தத்தோட கதாநாயகனையே கொளுத்திட்டு விழாவை முடிக்கிற ஊர் சார் இது. அந்தச் சூடு ஆறதுக்குள்ளே மே 4-ஆம் தேதி வாக்கில அக்னி நட்சத்திரம் 'நான் வரலாமா?'ன்னு கதவைத் தட்டும்.

இளவேனில்னா சித்திரையும் வைகாசியும்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருப்போம். 'இளம் வேனில்'னு பேர் வெச்சவர் நிச்சயமா எங்க ஊர்ல வாடகைக்குக் குடியிருந்திருக்க மாட்டார்.

அதனால வசந்தத்துக்கு வீட்டு முற்றத்தைத் தயார் பண்றதுன்னா அங்கே ஒரு அர்த்தம், இங்கே ஒரு அர்த்தம். அங்கே புல்லை எழுப்பணும். இங்கே மண்ணைக் காப்பாத்தணும். மாசி கடைசியில ஆரம்பிச்சு சித்திரை பொறக்கறதுக்குள்ள முடிக்கணும். ஆபீஸ் போற ஆளுங்களுக்கு நாலஞ்சு ஞாயித்துக்கிழமை. அவ்வளவுதான்.

எங்க வீட்ல இந்த வருஷம் இது பெரிய பஞ்சாயத்தாவே ஆயிடுச்சு.

மூணு கட்சி, ஒரு முற்றம்

வீட்டுக்கு முன்னால பத்தடி அகலம், முப்பதடி நீளத்துக்கு மண் தரை. முந்நூறு சதுர அடி. ஓரத்துல ஒரு கிணறு. நடுவாந்திரமா ஒரு வேப்ப மரம். நான் மூணாங்கிளாஸ் படிக்கிறப்போ எங்கம்மா நட்டது. அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்தி ஊத்தியே வளர்த்தாங்க. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ வெளியில வாங்கினதே கிடையாது. அம்மா தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆகுது.

முதல் கட்சி எங்கப்பா. ரிட்டயர்டு. 'மொத்தத்தையும் மூடி இன்டர்லாக் கல் போட்டுடு'ங்கிறார். காரணம் கேட்டா பாம்பு, தேள், சேறு, கொசுன்னு ஒரு ஜாபிதா நீட்டுவார். அதுக்கும் மேல ஒரு பிரம்மாஸ்திரம் வெச்சிருக்கார். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்குன்னு சொந்தக்காரங்க பத்துப் பேர் வந்து எறங்கறாங்களே, எங்கேடா படுக்க வைப்பே? மண்ணுலயா?"

திருவண்ணாமலையில வீடு இருக்கிறவங்களுக்கு இது புரியும். வருஷத்துல பன்னெண்டு தடவை நம்ம வீடு சத்திரம்!

ரெண்டாவது கட்சி என் மனைவி. "என்னங்க, சீரியல்ல வர்ற பங்களா மாதிரி பச்சைப்பசேல்னு புல்வெளி போடலாங்க. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிக்கலாம்." (சீரியல்ல அந்தப் புல்வெளியில உட்கார்ந்துதான் மாமியாருக்கு விஷம் வைக்கத் திட்டம் போடுவாங்க. அதை நான் ஞாபகப்படுத்தலை.)

மூணாவது கட்சி நான். கட்சின்னு சொல்லிக்கலாமே தவிர, டெபாசிட் கிடைக்கிறது சந்தேகம்.

கொத்தனார் வந்து டேப் பிடிச்சார். "முந்நூறு அடி. 24,000 ஆகும் சார். பங்குனி உத்திரம் முடிஞ்ச மறுநாள் ஆள் கூட்டியாந்துடறேன். ஆனா ஒண்ணு... மரத்தை எடுத்துடணும். வேர் கல்லைத் தூக்கிடும்."

அப்பா ஒண்ணும் பேசலை. மனைவி என்னைப் பார்த்தா. நான் மரத்தைப் பார்த்தேன். உத்திரத்துக்கு இன்னும் முப்பது நாள் இருந்தது.

முதல்ல புல்வெளிக் கணக்கு

உணர்ச்சிவசப்பட்டா வீட்ல ஜெயிக்க முடியாது சார். கணக்கு போட்டாதான் உண்டு. நம்ம தொழிலே அதானே!

ஒரு சதுர மீட்டர் தரையில ஒரு மில்லி மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா, அது ஒரு லிட்டர். இந்த ஒரே ஒரு கணக்கை மனசுல வெச்சுக்கிட்டா போதும். முந்நூறு சதுர அடின்னா சுமார் 28 சதுர மீட்டர். நம்ம கோடையில புல் பச்சையா நிக்கணும்னா ஒரு நாளைக்கு 5 மில்லி மீட்டராவது கொடுக்கணும். ஆக 140 லிட்டர். பதினாலு லிட்டர் குடத்துல பத்துக் குடம். தினமும்! பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசத்துக்கு 12,600 லிட்டர். ஒரு பெரிய லாரித் தண்ணி, முழுக்கப் புல்லுக்கு.

"பத்துக் குடம் யாரு தூக்கறது?"ன்னு கேட்டேன். புல்வெளிக் கட்சியில லேசா ஒரு பிளவு தெரிஞ்சுது.

இந்தப் புல்வெளி மோகமே மேகம் மூட்டமா, அடிக்கடி தூறல் விழற ஊர்ல பிறந்தது. புல் வெட்டற மெஷினை 1830-ல் இங்கிலாந்துல எட்வின் பட்டிங்னு ஒருத்தர் கண்டுபிடிச்சார். கம்பளித் துணி மேல நீட்டிக்கிட்டிருக்கிற இழையை மில்லுல கத்தரிக்கிற மெஷினைப் பார்த்து வந்த யோசனை. அதுக்கு முன்னால அரிவாள், இல்லேன்னா ஆடு! மானம் பார்த்த மழை அங்கே தண்ணி ஊத்திடுது. அதே புல்லைக் கொண்டுபோய்ப் பாலைவனத்துல போட்டா? அமெரிக்காவுல லாஸ் வேகாஸ்னு ஒரு ஊர். சூதாட்டத்துக்குப் பேர் போனது. தண்ணி விஷயத்துல மட்டும் சூதாட வேண்டாம்னு முடிவு பண்ணி, புல்லைப் பிடுங்கறவங்களுக்குப் பணமே தர்றாங்க. 2021-ல் சட்டமும் போட்டாங்க. ரோட்டோரம், ஆபீஸ் வாசல்னு யாரும் காலே வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2027 தொடக்கத்திலேர்ந்து கொலராடோ ஆத்துத் தண்ணி கிடையாது.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. நர்சரிக்குப் போனேன். "இது பெர்முடா புல் சார், ஃபாரின் ஐட்டம்"னு ஒருத்தர் காட்டினார். குனிஞ்சு பார்த்தா... நம்ம அருகம்புல்! சத்தியமா சார். உலகம் பூரா கோல்ஃப் மைதானங்கள்ல போடற பெர்முடா புல்லும், பிள்ளையார் சதுர்த்திக்கு நாம கட்டு கணக்கா வாங்கற அருகும் ஒரே இனம். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல டிஃப்டன்னு ஒரு ஊர்ல ஆராய்ச்சி பண்ணி, ஒட்டு ரகமெல்லாம் உண்டாக்கி விக்கிறாங்க. நாம அதையே களைன்னு பிடுங்கி எறிஞ்சுட்டு, சதுர அடிக் கணக்குல காசு கொடுத்துத் திரும்ப வாங்கறோம்!

கல்யாணத்துல 'அருகுபோல் வேரூன்றி'ன்னு வாழ்த்தறது சும்மா இல்லை. வெயில்ல கருகி வைக்கோல் மாதிரி ஆயிடும். செத்துடுச்சுன்னு நினைப்போம். ஒரு மழை விழட்டும், நாலாம் நாள் பச்சை எட்டிப் பார்க்கும்.

அடுத்தது சிமெண்டுக் கணக்கு

திருவண்ணாமலைப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லி மீட்டர் மழை. அதே கணக்கு. 28 சதுர மீட்டர் முற்றத்துல விழறது 28,000 லிட்டர். ரெண்டாயிரம் குடம்! கல்லைப் போட்டு மூடினா அதுல பெரும்பகுதி நேரா தெருவுக்கு ஓடும். தெருவுல எல்லார் வீட்டுத் தண்ணியும் சேர்ந்து, கோடி வீட்டுக்காரர் வாசல்ல நிக்கும். அவர் கார்ப்பரேஷனைத் திட்டுவார். மண்ணா விட்டாலும் அத்தனையும் கிணத்துக்குப் போயிடாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மரம் குடிக்கும். ஆனா மீதி இறங்கும்.

எங்க ஊர் பாறை பூமி. கீழே பெரிய ஏரி மாதிரி தண்ணி தேங்கி நிக்கும்னு கற்பனை பண்ணக் கூடாது. மேலே இருக்கிற மண்ணுலேயும், உளுத்த பாறையிலேயும், அதுக்குக் கீழே இருக்கிற வெடிப்புகள்லேயும்தான் தண்ணி நிக்கும். போர் எத்தனை அடி போட்டாலும் வெடிப்பு கிடைச்சாதான் தண்ணி. அந்த வெடிப்புக்குத் தண்ணி போற கதவு மேலே இருக்கிற மண்ணு. அதை மூடிட்டு, கீழே 'தண்ணி இல்லே, தண்ணி இல்லே'ன்னா?

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டுல 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினாங்க. அப்போ அவசர அவசரமா பைப்பு போட்ட வீடுகள்ல இன்னிக்கு எத்தனை பைப்பு குழியில போய்ச் சேருதுன்னு போய்ப் பாருங்க. பாதி வீட்ல பைப்பு இருக்கும், குழி இருக்காது. மீதி வீட்ல குழி இருக்கும், அதுக்கு மேல பைக் நிக்கும்.

மலையிலேயே முற்றம் கட்டினவர்

இந்தக் கணக்கையெல்லாம் பக்கத்துத் தெருப் பெரியவர்கிட்ட சொன்னேன். தோட்ட வேலையிலேயே எழுபது வயசைத் தாண்டினவர். சிரிச்சார். "இன்னா தம்பி, பேப்பர்ல எழுதிகினு கீறே? மலையில ஏறிப் பாரு. அங்க கணக்கு போடாமலே பண்ணிக் காமிச்சிக்கீறாங்க."

போனேன். கந்தாசிரமம் வரைக்கும். ரமண மகரிஷி 1916-லேர்ந்து 1922 வரைக்கும் இருந்த இடம். அதுக்கு முன்னால விருபாட்ச குகையில இருந்தார். கந்தாசிரமம்னு ஏன் பேர்? கந்தசாமிங்கிற ஒரு அடியவர் பேர்ல வந்தது. அந்தச் சரிவு முழுக்கச் சப்பாத்திக் கள்ளி மண்டிக் கிடந்த இடமாம். அந்த மனுஷன் கள்ளியை வெட்டி எறிஞ்சு, சரிவைச் சமப்படுத்தி, தென்னை நட்டு, ஒரு முற்றத்தை உண்டாக்கினார். மே மாசம் மொட்டை வெயில்ல ஏறிப் போனாலும் அங்கே நிழல் இருக்கு. இன்னிக்கும் இளைஞர்கள் போய் உட்கார்ந்து செல்போன்ல அந்த நிழலைப் போட்டோ எடுக்கிறாங்க.

மலை முழுக்கவே ஒரு காலத்துல மொட்டையா நின்னது. விறகுக்கு வெட்டினது, மாடு மேய்ச்சது, கோடையில பத்திக்கிட்ட தீ... எல்லாம் சேர்ந்து. 1988-ல் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் ஆரம்பிச்சாங்க. அப்புறம் 'ஃபாரஸ்ட் வே'ங்கிற அறக்கட்டளை. வனத்துறையும் உண்டு. கன்னு நடறது ஒரு பக்கம்னா, நட்டதைக் கோடையில காப்பாத்தறது இன்னொரு பக்கம். அதுதான் நிஜமான வேலை. ஆள் உசரத்துக்கு வளர்ந்த புல் காஞ்சு நிக்கும். ஒரு பீடித் துண்டு போதும். அதனால கோடை வர்றதுக்கு முன்னாடியே மலையில பட்டையாப் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடறாங்க. 2,668 அடி மலைக்கு வசந்தத்துல முற்றம் பெருக்கறாங்கன்னு வெச்சுக்குங்களேன்! நமக்கு முந்நூறு சதுர அடிக்கு முதுகு வலிக்குது.

தண்ணிக்கு வழி இல்லேன்னா...

கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல். முந்தின நாள் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறி, நகராம நின்னு கொட்டித் தீர்த்துது. எங்க ஊர்ல மலையடிவாரம் வ.உ.சி. நகர்ல சாயங்காலம் மண் சரிஞ்சு, பாறை உருண்டு வீட்டு மேல விழுந்து, குழந்தைகளோட சேர்த்து ஏழு பேர் போயிட்டாங்க. ஊரே சாப்பிடலை அன்னிக்கு. சாத்தனூர் அணையிலேர்ந்து ஒரு லட்சம் கன அடிக்கும் மேல தண்ணி திறந்துவிட்டு, தென்பெண்ணை கரையோரமெல்லாம் வெள்ளம்.

அந்தச் சரிவுக்கு யாரோட முற்றத்துச் சிமெண்டும் காரணம்னு நான் சொல்ல வரலை. அவ்வளவு மழைக்கு முன்னால எந்த முற்றமும் ஜுஜுபி. ஆனா அன்னைக்கு ராத்திரி எங்க தெருவுல நான் கண்ணால பார்த்தது ஒண்ணு உண்டு. வாசல் முழுக்க மூடின வீடுகள் முன்னால தண்ணி முழங்கால் அளவு நின்னு, உள்ளே போக வழி பார்த்துச்சு. மண் வெச்சிருந்த நாலைஞ்சு வீட்ல மழை விட்ட ஒரு மணி நேரத்துல தண்ணி வடிஞ்சுது. எங்க வீடு அதுல ஒண்ணு. அப்பாவும் பார்த்தார். அதை இப்போ அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

"தெரியும்டா"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, டி.வி.யைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "உங்கம்மா இருந்தவரைக்கும் விடிகாலையில ஒரு சருகு இருக்காது வாசல்ல. இப்போ நான்தான் கூட்டறேன். மாசி, பங்குனியில அது கொட்டற கொட்டுக்கு... முட்டி வலிக்குதுடா."

பாம்பு இல்லை சார். தேள் இல்லை. கொசு இல்லை. முட்டி! ஜாபிதாவுல இல்லாத ஒரே ஐட்டம்.

பெரியவர் சொன்ன வழி

மறுபடி பெரியவர்கிட்ட ஓடினேன். "கூட்டி எங்க போடறீங்க?"ன்னு கேட்டார். குப்பை வண்டியிலன்னேன். தலையில அடிச்சுக்கிட்டார். "மரம் தன் காலுக்குப் போட்டுக்கிற போர்வைபா அது. கூட்டாதே. தள்ளு. அவ்ளோதான்."

அவர் சொன்னதையும், நாங்க செஞ்சு பார்த்ததையும் வரிசையாத் தர்றேன். உங்க வீட்ல முந்நூறு அடி இல்லாம முப்பதடி இருந்தாலும் பொருந்தும்.

1. சருகு: மரத்தைச் சுத்தி ஒரு பாத்தி கட்டி, விழற இலையை அதுக்குள்ளேயே தள்ளுங்க. மூணு அங்குல உசரத்துக்கு மூடாக்கு. ஈரம் சீக்கிரம் காயாது. தண்டை ஒட்டிக் குவிக்காம நாலு விரல் இடைவெளி விடுங்க. கொளுத்தறது மட்டும் கூடவே கூடாது. மலையடிவாரத்துல இருக்கிறவங்களுக்கு ரெண்டு தடவை சொல்றேன்: கூடவே கூடாது.

2. பாம்பு பயம்: வீட்டுச் சுவரை ஒட்டி மூணடிக்குச் சருகு, செங்கல், உடைஞ்ச தொட்டி எதுவும் இல்லாம வெட்டவெளியா வைங்க. ஒளிய இடம் இல்லேன்னா விருந்தாளி தங்க மாட்டார். (சொந்தக்காரங்களுக்கு இது பலிக்கலை.)

3. கொத்தி விடறது: 'கோடை உழவு கோடி நன்மை'ன்னு விவசாயிங்க சொல்வாங்க. முற்றத்துக்கும் அதே. வேர் இல்லாத இடமாப் பார்த்து மண்வெட்டியால அரையடி கொத்திப் புரட்டுங்க. கோரைக் கிழங்கு மேலே வந்து வெயில்ல காயும். பூச்சிக் கூடு அழியும். முதல் மழை வழிஞ்சு ஓடாம உள்ளே போகும். ஜிம்முக்குக் கட்டற பணம் மிச்சம்.

4. பார்த்தீனியம்: பூக்கிறதுக்கு முன்னாடி பிடுங்குங்க. கையில உறை போட்டுக்குங்க. தோல் அரிப்பு வந்தா ஆபீஸ்ல லீவு கிடைக்காது.

5. குழி இப்போ, கன்னு அப்புறம்: சித்திரையில கன்னு நடாதீங்க. அது கொலை! குழி மட்டும் வெட்டுங்க. ரெண்டடி நீளம், அகலம், ஆழம். வெயில் உள்ளே அடிக்கட்டும். ஆடிக்கு மேல மழை பார்த்து, எருவும் மேல்மண்ணும் போட்டு நடலாம். பெரிய மரம்னா சுவர்லேர்ந்து பத்தடி தள்ளி.

6. பானைத் தண்ணி: ஏற்கெனவே இருக்கிற சின்னக் கன்னுக்குப் பக்கத்துல சுட்ட மண்பானை ஒண்ணைக் கழுத்து வரைக்கும் புதைச்சுத் தண்ணி ஊத்தி மூடிடுங்க. அது கசிஞ்சு கசிஞ்சு வேருக்குப் போகும். ரெண்டு நாள் ஊருக்குப் போனாலும் கவலை இல்லை. பானைக்கு வண்ணம் அடிச்சுடாதீங்க, கசியாது.

7. மொட்டை மாடி: முதல் கோடை மழைக்கு முன்னால பெருக்குங்க. பைப்பு வாயில அடைச்சிருக்கிற இலை, காக்கா கூட்டுக் குச்சி எல்லாத்தையும் எடுங்க. முதல் மழைத் தண்ணியை வெளியே விட்டுட்டு, அடுத்ததைக் குழிக்குத் திருப்புங்க. அறுநூறு சதுர அடி மாடியில வருஷத்துக்கு 56,000 லிட்டர் விழுது. அஞ்சுல ஒரு பங்கு வீணாப் போனாலும் சுமார் 45,000 லிட்டர் மிச்சம். குழியில ஜல்லியும் மணலும் மண்ணோட சேர்ந்து இறுகிப் போயிருந்தா வெளியில எடுத்து அலசிப் போடுங்க.

8. குருவித் தண்ணி: கிண்ணத்துல வைங்க, புண்ணியம். ஆனா தினம் மாத்துங்க. தேங்கின நல்ல தண்ணியிலதான் டெங்கு கொசு முட்டை போடும். ஒரு வாரம் அப்படியே விட்டா புதுத் தலைமுறையே பறந்துடும்.

நிழல்ல என்ன வைக்கலாம்னு மனைவி கேட்டா. கற்பூரவல்லி, தூதுவளை, பிரண்டை, கத்தாழை. தண்ணி கேட்டு நச்சரிக்காத ஜாதி. வெயில் படற மூலையில ஒரு முருங்கைப் போத்து. ஆடி வந்ததும் வேலியோரம் அவரை, பீர்க்கன், பூசணி. 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு சும்மாவா சொன்னாங்க!

தீர்ப்பு

அப்பாவோட பிரம்மாஸ்திரம் மட்டும் பாக்கி. பௌர்ணமி விருந்தாளிங்க.

அப்பா பதினாலு கிலோ மீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோட நடக்கிற ஆசாமி. முட்டி வலின்னாலும் விடமாட்டார், பாதியில உட்கார்ந்து உட்கார்ந்து போவார். "எங்கேப்பா உட்காருவீங்க?"ன்னு கேட்டேன். "மரத்தடியிலதான். தாரும் கல்லும் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கொதிக்குதேடா. சித்ரா பௌர்ணமிக்குக் கால் வெச்சுப் பாரு தெரியும்"னார்.

"அப்போ நம்ம வீட்டுக்கு வர்றவங்களை மட்டும் கொதிக்கிற கல்லுல படுக்க வைக்கலாமா?"

பதில் இல்லை. எழுந்து போய் மரத்தடியில கயித்துக் கட்டிலைப் போட்டுப் படுத்துட்டார். எங்க வீட்ல அதுக்குப் பேர் 'சரி'.

கொத்தனார் உத்திரம் முடிஞ்சு மறுநாள் டாண்ணு வந்தார். அவருக்கும் வேலை கொடுத்தோம். கேட்லேர்ந்து திண்ணை வரைக்கும் மூணடி அகலத்துக்கு நடைபாதை, ரெண்டு பைக் நிக்க இடம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி விட்டு, சிமெண்டு பூசாம மணல் தூவி. அப்பா கால் சறுக்காது, தண்ணியும் இறங்கும். "இன்னா சார், ஓட்டை ஓட்டையா போடச் சொல்றீங்க"ன்னு அவர் முணுமுணுத்தார். மரத்து வேர்ப் பக்கம் கடப்பாரையே போகலை.

மனைவிக்கு ஆறடிக்கு ஆறடி அருகம்புல். முப்பத்தாறு சதுர அடி. தினம் ஒரு குடமும் ஒரு சொம்பும் தண்ணி போதும். அரிசி, காய்கறி கழுவின தண்ணியே சரியா இருக்கு. ஒரே ஒரு நாற்காலிதான் போடலாம். யார் உட்கார்றதுங்கிறது தினசரி சண்டை. புல்லு ஓசி. ரோட்டோரம் ஒரு சட்டி நிறைய வெட்டிக்கிட்டு வந்தேன். "பெர்முடா"ன்னு அக்கம்பக்கத்துல சொல்லி வெச்சிருக்கா.

ஞாயித்துக்கிழமை காலை ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் சருகு தள்ற வேலை என்னுது. மத்த நாள் அப்பா தொடக் கூடாதுன்னு ஒப்பந்தம். அவர் திருட்டுத்தனமா வியாழக்கிழமை தள்றார். மனைவி வேவு பார்த்துச் சொல்றா. இப்போ வேம்பு முழுக்கத் தாமிர நிறத்துல தளிர். பூவும் ஆரம்பிச்சாச்சு. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு முறத்தை எடுத்து வெச்சுட்டார் அப்பா. அம்மா வெச்சிருந்த அதே முறம்.

கிணத்துல தண்ணி ஏறுமான்னு கேட்காதீங்க. அதுக்கு ஐப்பசி வரைக்கும் பொறுக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சுத்திச் சுத்திப் பார்த்தார். "என்னா சார், பாதியில நிறுத்திட்டீங்களா? பணம் பத்தலையா?"ன்னார்.

"ஆமா சார், 24,000 எஸ்டிமேட். 6,000-தான் இருந்துச்சு"ன்னேன்.

மிச்சம் 18,000 எங்கேன்னு மனைவி அன்னைக்கு ராத்திரியே கேட்டுட்டா. அது வேற பஞ்சாயத்து!